தொடக்கப் பள்ளி வகுப்பில் செயல்பாடுகளும் சிறப்பு நாள்களும்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும், பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டத்திலும், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகள் இவை. கேட்டவர்கள் பேசியபடியே கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம். 1 முதல் 5ஆம் வகுப்பு வரைக்கும் பொருந்தும். நம் பக்கத்தில் கிடைக்கும் பொருளையும், இங்குள்ள மழையையும் வெயிலையும் மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

"என்ன படிச்சேன்னு கேட்டா 'விளையாண்டோம்'னுதான் சொல்லுதான். பாடம் எப்போ நடத்துவீங்க டீச்சர்?"

கை செய்ததைத்தான் பிள்ளை முதலில் சொல்லும். "என்ன படிச்ச?" என்று கேட்காமல், "கையில என்ன வச்சு விளையாண்ட? உனக்கு எத்தனை வந்துச்சு? யாருக்குக் கூட வந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கு 38, அவளுக்கு 32, அவளைவிட எனக்கு 6 கூட" என்று பதில் வந்தால் அன்றைய கழித்தல் பாடம் அதுதான். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுப்பதும் இப்படிக் கைவேலை வழியாகத்தான்.

எல்லா விளையாட்டும் பாடமாகிவிடாது என்பதும் உண்மை. முடிந்தபின் பிள்ளை எதையாவது எண்ணிச் சொல்ல வேண்டும், எழுதிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பக்கத்துப் பிள்ளைக்குச் செய்து காட்ட வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாவிட்டால் அது பொழுதுபோக்கு. கீழே உள்ள பதில்களெல்லாம் இந்த அளவுகோலை வைத்துத்தான்.

"செயல்பாட்டுக்குன்னு பொருள் வாங்கப் பணத்துக்கு எங்க போக?"

முதல் இரண்டு வகுப்புகளுக்குக் கடையில் வாங்க வேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை. புளியமுத்து, ஈர்க்குச்சி, குடிநீர்ப் பாட்டில் மூடி, பழைய நாள்காட்டித் தாள் இருந்தால் ஒரு பருவம் ஓட்டலாம். புளியமுத்தை அப்படியே டப்பாவில் போட்டால் எறும்பும் வண்டும் வந்துவிடும். ஒரு ராத்திரி ஊறவைத்து, ஒட்டியிருக்கும் சதையைக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயப்போட்டு, ஓலைக்கொட்டானில் போட்டு வையுங்கள். ஈர்க்குச்சியை 10 செ.மீ. நீளத்துக்கு நறுக்கி, முனையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து மழுக்கிவிட வேண்டும். பத்துப் பத்தாகக் கட்டப் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிக்கொள்ளலாம்.

பத்து முத்து ஆட்டத்துக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. முத்தின் ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். பத்து முத்தைக் குலுக்கிப் போட்டால் வெள்ளை 4, கறுப்பு 6 என்று விழும். அடுத்த போடலில் 7, 3. இருபது தடவை போட்டு எழுதிய பிள்ளைக்கு, பத்தை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்று தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தேய்க்கும் வேலையை 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஆளுக்குப் பத்து என்றால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பார்க்க அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். சிவப்பும் கறுப்புமான அந்த விதை கடிபட்டு உள்ளே போனால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. மஞ்சாடி முழுச் சிவப்பாக, கொஞ்சம் பெரிதாக இருக்கும், அது வேறு. வித்தியாசம் உறுதியாகத் தெரியாவிட்டால் இரண்டுமே வேண்டாம்.

"ஒண்ணாப்புப் பிள்ளைக மூக்குக்குள்ள முத்தைப் போட்டுக்கிட்டா?"

நியாயமான பயம். அதனால் 1ஆம் வகுப்புக்குப் பாட்டில் மூடிதான் நல்லது. பயறு, கடலை போன்றவை கூடவே கூடாது. மூக்கின் ஈரத்தில் ஊறிப் பருத்து இறுகிக்கொள்ளும். ஏதாவது மாட்டிவிட்டால் ஊக்கு, குச்சி, விரல் எதையும் விட்டு நோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். வாயால் மூச்சு விடச் சொல்லி, உட்கார்ந்த நிலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிற வழக்கம் இருந்தால் ஆபத்து பாதியாகக் குறையும். "பத்துக் கொடுத்தேன், பத்து வந்துச்சா?" என்று கேட்பதே ஒரு எண்ணல் பயிற்சிதான்.

"ரெண்டு டீச்சர், அஞ்சு வகுப்பு. இதுல செயல்பாடு எங்க செய்ய?"

ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு ஐந்து செயல்பாடு என்று திட்டம் போட்டால் இரண்டாம் நாளே கை ஓய்ந்துவிடும். ஒரே பொருளை வைத்து வகுப்புக்கு வகுப்பு கேள்வியை மாற்றுவதுதான் வழி. இதற்குப் பல்லாங்குழி நன்றாகப் பொருந்தும். கட்டை இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் ஏழு ஏழாக இரண்டு வரிசை வட்டம் போட்டால் போதும். 14 குழி, குழிக்கு 5 வீதம் 70 முத்து.

1ஆம் வகுப்பு குழிக்கு ஐந்தாக எண்ணிப் போடட்டும் (இவர்களுக்கு மட்டும் முத்துக்குப் பதில் மூடி). 2ஆம் வகுப்பு ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேர் கையில் இருப்பதையும் கூட்டி 70 வருகிறதா என்று சரிபார்க்கட்டும். வராவிட்டால் முத்து எங்கேயோ உருண்டிருக்கிறது, தேட வேண்டும். 3ஆம் வகுப்பு 14 × 5 ஏன் 70 என்று விளக்கட்டும். 4, 5ஆம் வகுப்புக்குக் கேள்வி இது: "இந்தக் குழியில் 9 முத்து இருக்கு, எடுத்துப் போட்டுட்டே போனா கடைசி முத்து எந்தக் குழியில் விழும்? ஆடாமலே சொல்லு." சொன்னபின் ஆடிப் பார்ப்பார்கள். சலசலப்பு இருக்கத்தான் செய்யும். எண்கள் காதில் விழுகிற சலசலப்பு என்றால் விட்டுவிடுங்கள்.

"ஒரு செயல்பாடு எவ்வளவு நேரம் போகணும்?"

1, 2ஆம் வகுப்புக்கு 15 முதல் 20 நிமிடம். பெரிய வகுப்புக்கு அரை மணி. கடைசி ஐந்து நிமிடம் பொருளைச் சேர்த்து வைக்கவும் எழுதவும். அதை விட்டுவிட்டால் அடுத்த பாடவேளை முழுக்கப் பொறுக்குவதிலேயே போகும்.

"பனங்கொட்டை போட்டோம். கிழங்கு கட்டையும் கோணலுமாத்தான் வந்துச்சு. என்ன தப்பு?"

அநேகமாக மண் இறுகலாக இருந்திருக்கும். பனங்கொட்டையின் முளை மேலே வராது. முதலில் வேர்போலக் கீழே இறங்கும், அந்த முளைதான் கிழங்காகப் பருக்கிறது. கீழே கல்லோ கெட்டித் தரையோ இருந்தால் வளைந்துவிடும். அதனால் குழி தோண்டிப் புதைக்காமல் தரைக்கு மேலே மேடு கட்டுங்கள்: மணலும் செம்மண்ணும் கலந்து, கல் பொறுக்கி, முழங்கால் உயரம். மேட்டின் மேல் கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, நான்கு விரல் கனத்துக்கு மண் மூடினால் போதும். மழை இல்லாத வாரத்தில் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

பழம் விழும் ஆவணி, புரட்டாசியில் போட்டால் சுமார் மூன்று, மூன்றரை மாதத்தில், மார்கழிக் கடைசியில், பொங்கலுக்குத் தோதாகத் தோண்டலாம். பொங்கல் விடுமுறை முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் குருத்து ஓலை வெளியே வந்து, கிழங்கு நார் விழுந்துபோகும். பள்ளிகளில் அடிக்கடி நடக்கும் பிழை இதுதான்.

பாடம் இருப்பது நடுவில். ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். 20 பழம் கொண்டுவந்தால் 60 இருக்க வேண்டும், ஏன் 53தான் இருக்கிறது என்று 3ஆம் வகுப்பு யோசிக்கட்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு கொட்டையைத் தோண்டி, முளையின் நீளத்தை நூலால் அளந்து, அந்த நூலையே வெட்டி அட்டையில் ஒட்டுங்கள். நான்கு நூல் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும்போது அது பிள்ளைகள் செய்த வளர்ச்சி வரைபடம். தோண்டிய கொட்டையைப் பெரியவர் ஒருவர் அரிவாளால் பிளந்து கொடுத்தால் உள்ளே வெள்ளையாகத் தவுண் இருக்கும். அந்த உணவைத் தின்றுதான் முளை கிழங்காகிறது என்பதைத் தின்றுகொண்டே சொல்லலாம். அறுவடையில் பத்துப் பத்தாகக் கட்டி "7 கட்டு, உதிரி 4" என்று பலகையில் எழுதினால் இடமதிப்பு முடிந்தது.

"மழை அளக்கப் பாட்டில் வச்சோம். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு அளவு சொல்லுது."

பாட்டிலின் அடிப்பகுதி சமமாக இல்லாததுதான் காரணம். வரிவரியாக மடிப்பு இல்லாத, நேராக நிற்கும் பாட்டிலை எடுங்கள். கழுத்து குறுகத் தொடங்கும் இடத்துக்குக் கீழே வெட்டி, வெட்டிய மேல்பகுதியைத் தலைகீழாகப் புனல்போல் வையுங்கள். உள்ளே கூழாங்கல் நான்கைந்து போட்டு, அடி மேடுபள்ளம் மறையும்வரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீர் மட்டத்தில் கோடு போடுங்கள். அதுதான் பூஜ்யம். பிளாஸ்டிக் ஸ்கேலின் 0 அந்தக் கோட்டில் சேரும்படி வெளியே ஒட்ட வேண்டும். கூரைத் தண்ணீர் சொட்டாத, மரம் கவியாத வெட்டவெளியில், இரண்டு செங்கலுக்கு நடுவில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்குக் கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிப் படித்துவிட்டு, மறுபடி பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் எவ்வளவு என்று காட்டாமல் எண்ணை மட்டும் எழுதவைத்தால் பயன் இல்லை. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் செங்கல் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பரப்புங்கள். அந்த மெல்லிய படலம்தான் ஒரு மில்லிமீட்டர். ஜூன், ஜூலையில் அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் சாரல் விழும்போது ராதாபுரம் பக்கம் காய்ந்து கிடக்கும். இரண்டு ஊர்ப் பள்ளிகள் அளவைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டால் பிள்ளைகளே "அங்க மட்டும் ஏன்?" என்று கேட்பார்கள், பொதிகை மலையைப் பற்றிய பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

"நிழலே விழாத நாள்னு ஒண்ணு உண்டாமே, நம்ம ஊர்ல வருமா?"

வருஷத்தில் இரண்டு தடவை வரும். திருநெல்வேலிக்கு ஏப்ரல் 12 வாக்கிலும், ஆகஸ்ட் 30, 31 வாக்கிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரலில் தேர்வும் விடுமுறையும் குறுக்கிடும், அதனால் ஆகஸ்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆகஸ்டில் ஒரு நாள் பிந்தும்.

நேரத்தில்தான் பலர் தவறவிடுகிறார்கள். நம் ஊரில் உச்சி 12 மணிக்கு வருவதில்லை. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. நாம் அதற்கு மேற்கே இருப்பதால் சுமார் 12.20க்குத்தான் உச்சி. 12 மணிக்கே தொடங்கி, சமதரையில் நேராக நிற்கும் டம்ளரை வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் ஓரத்தைச் சாக்பீஸால் வரையுங்கள். தரை சமம்தானா என்று தட்டில் தண்ணீர் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மேகம் மறைக்கும் என்பதால் மூன்று நாளைக்குத் திட்டம் போடுங்கள். சூரியனை யாரும் அண்ணாந்து பார்க்கக் கூடாது. நிழலைப் பார்ப்பதுதான் வேலை.

"சந்தை நாள் வச்சா கூச்சலும் குழப்பமுமா முடியுதே?"

சில்லறை இல்லாத சந்தை அப்படித்தான் முடியும். 24 பிள்ளைகள் என்றால் 4 கடை, கடைக்கு 2 பேர், மீதி 16 பேர் வாங்குபவர்கள். வாங்கும் பிள்ளைக்குத் தாள் பணம் 50 ரூபாய்: ஒரு இருபது, இரண்டு பத்து, ஒரு ஐந்து, ஐந்து ஒற்றை. ஒவ்வொரு கடைக்கும் தொடக்கத்திலேயே 20 ரூபாய்ச் சில்லறை: இரண்டு ஐந்து, பத்து ஒற்றை. விலை எல்லாம் 3, 7, 12 என்று மீதி கொடுக்க வேண்டிய எண்களாக இருக்கட்டும். 5, 10 என்று வைத்தால் கணக்கே இருக்காது.

எல்லாருக்கும் கடை வைக்கத்தான் ஆசை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து ஆள் மாற்றுங்கள். முடிவில் எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் கொட்டி எண்ண வேண்டும்: 16 × 50 = 800, கடைச் சில்லறை 80, ஆக 880. குறைந்தால் யார் மீதி தப்பாகக் கொடுத்தது என்று திட்டுவதற்காக இந்தக் கணக்கு வைக்கவில்லை. பணம் கை மாறினாலும் மொத்தம் மாறாது என்று பிள்ளைகள் பார்க்கும் நேரம் இது.

"வருஷத்துல எந்தெந்த நாள் கொண்டாடணும்?"

பட்டியலில் உள்ள எல்லா நாளையும் எடுத்தால் எல்லாமே பேச்சும் கைதட்டலுமாகப் போகும். சுதந்திர தினம், குடியரசு தினம் போக, நான்கைந்தை மட்டும் ஆழமாகச் செய்வது மேல். காமராசர் பிறந்த ஜூலை 15 (கல்வி வளர்ச்சி நாள்), செப்டம்பர் 5, பாரதி பிறந்த டிசம்பர் 11, பொங்கல், பிப்ரவரி 28 அறிவியல் நாள்.

செப்டம்பர் 5 ஆசிரியர் நாளாக மட்டும் கடந்துபோகிறது. 1872இல் ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்ததும் அதே நாள்தான். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட அவர் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியை 1906இல் தொடங்கியதைச் சொல்லிவிட்டு, ஆளுக்கு 15 செ.மீ. சதுர அலுமினியத் தாள் கொடுங்கள். கப்பல் செய்து, வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டு, மூழ்கும்வரை புளியமுத்து ஏற்றட்டும். கூரான கப்பல் சீக்கிரம் கவிழும். அடி அகன்று, விளிம்பு உயர்ந்தது அதிகம் தாங்கும். முத்தை ஓரமாகக் குவித்தால் சாயும். இரண்டாம் தாளும் கொடுங்கள், திருத்திச் செய்யும்போதுதான் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

"மேலப்பாளையத்து முஸ்லிம் பிள்ளைகளும் இருக்காங்க, சர்ச்சுக்குப் போற பிள்ளைகளும் இருக்காங்க. பொங்கலை எப்படி வைக்க?"

விளைச்சலை நடுவில் வைத்தால் யாரும் வெளியே நிற்க மாட்டார்கள். நெல், கரும்பு, மஞ்சள், கிழங்கு எல்லாம் எந்த வயலில் இருந்து வந்தன, யார் உழைத்தார்கள் என்பதே அன்றைய பாடம். மேலே சொன்ன பனங்கிழங்கை மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து எல்லாரும் தின்னலாம். அடுப்புப் பக்கம் பெரியவர்கள் மட்டும். ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அந்தந்தப் பிள்ளை சொல்ல நேரம் ஒதுக்குங்கள். சொல்ல விருப்பமில்லாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம்.

"மாறுவேடப் போட்டிக்கு டிரஸ் வாடகைக்கு எடுக்க முடியல. பிள்ளை அழுதான்."

அந்த அழுகைக்குப் பள்ளிதான் பொறுப்பு. வாடகை உடைக்கு இடம் இல்லை என்று அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். வீட்டில் இருக்கும் துண்டு, சேலை, பழைய நாள்காட்டி, பனையோலை இவை மட்டும். வகுப்பிலேயே, பள்ளி நேரத்திலேயே செய்ய வேண்டும். பரிசும் முதல், இரண்டு, மூன்று என்று வேண்டாம். தன் வேடம் யார், என்ன செய்தார் என்று மூன்று வாக்கியம் சொன்ன எல்லாருக்கும் ஒரே பென்சில்.

"எம் மவ மேடையில ஏறவே மாட்டேங்கா. விட்டுரலாமா?"

மேடைக்கு ஏற்ற வேண்டாம், ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். திரை இழுப்பது, பெயர் அட்டை பிடிப்பது, மணி அடிப்பது என்று பேச்சு இல்லாத ஆனால் அவள் இல்லாமல் விழா நடக்காத ஒரு வேலையைக் கொடுங்கள். அதற்கு முன் வகுப்புக்குள் ஆச்சி கதை நேரம் வைப்பது கைகொடுக்கும். ஊரில் உள்ள ஒரு ஆச்சியையோ தாத்தாவையோ வாரம் ஒருநாள் வரச்சொல்லி, பத்து நிமிடம் கதை. கதை முடிந்ததும் பிள்ளைகள் ஆச்சியைக் கேள்வி கேட்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்துப் பேசாத பிள்ளை ஆச்சி மடிப்பக்கம் உட்கார்ந்து கேட்டுவிடும். நம் ஊர்ச் சொற்களும், சொளவு, நார்ப்பெட்டி என்று, அங்கேதான் பிள்ளை வாய்க்கு வரும்.

"வெளியே கூட்டிட்டுப் போனா ஒரு பிள்ளை தவறிட்டா என்ன செய்ய?"

தவறாமல் இருக்க, பிள்ளைகளே எண்ணட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் நிரந்தரமாக ஒரு எண். பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் 1, 2, 3 என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். இடையில் மௌனம் வந்தால் யார் என்று உடனே தெரியும். ஓடும் பிள்ளைகளை ஆசிரியர் தலை எண்ணும்போதுதான் தப்பு நடக்கிறது. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், வீட்டுக் கையெழுத்து, எழுதிய தொலைபேசி எண் இல்லாமல் கிளம்ப வேண்டாம். ஆற்றுக்குள் இறங்குகிற திட்டம் எதுவும் வேண்டாம். தாமிரபரணியில் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது.

கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்குப் போனால் எல்லாவற்றையும் காட்ட முயலாமல், குழுவுக்கு மூன்று கருவி என்று பிரித்துவிடுங்கள். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் என்றால் தைக்குப் பிறகு, காலை நேரம். ஊருக்குள் மரங்களிலேயே கூடு கட்டும் பறவைகளுக்காக அந்த ஊர்க்காரர்கள் வெடி வெடிப்பதில்லை என்பதைக் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட்டால், பிள்ளைகள் தாங்களாகவே மெதுவாகப் பேசுவார்கள்.

"எம் பிள்ளைய அந்தத் தெருப் பிள்ளையோட சேத்து உக்கார வைக்காதீங்க."

இந்தக் கேள்வியை இந்தப் பக்கத்தில் சேர்க்காமல் விட மனம் ஒப்பவில்லை. நம் மாவட்டத்தில் பள்ளிக்குள் சாதி என்ன செய்யும் என்று, 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியபோது பார்த்தோம். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறைக் கையில் கட்டுவதைத் தடுக்கவும், பெயரின் அகரவரிசைப்படி பிள்ளைகளை உட்காரவைக்கவும் பரிந்துரைத்திருக்கிறது.

எனவே பதில் "முடியாது" என்பதுதான். அதைப் பிள்ளை காதில் விழாமல், உட்காரவைத்து, மரியாதையாகச் சொல்லுங்கள். "இது உங்க பிள்ளைக்குன்னு போட்ட விதி இல்ல, எல்லாருக்கும் ஒரே விதி" என்று காட்டும்படி வகுப்பு நடக்க வேண்டும். திங்கள்கிழமை தோறும் எண் எழுதிய பாட்டில் மூடியைப் பையிலிருந்து எடுக்கச் சொல்லிக் குழு பிரியுங்கள். ஒரு வாரத்துக்கு அதுதான் குழு. ஆசிரியர் விருப்பப்படி பிரித்தால் சந்தேகம் வரும், மூடி பிரித்தால் வராது. தண்ணீர் எடுத்துவருவது, பெருக்குவது, உணவு பரிமாறுவது இவற்றுக்கும் அதே மூடிதான். இந்த வேலைகள் எப்போதும் ஒரே பிள்ளைகள் தலையில் விழுகின்றனவா என்று மாதம் ஒருமுறை ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். அப்படி விழுந்திருந்தால் மறுநாளே மாற்றுங்கள்.